கன்டெய்னருக்குள் போட்டுவிட்டால் போதுமா?

2024 ஆகஸ்ட் 6, திருமங்கலம் வாசகர் கேட்டது

எங்கள் நெல் மண்டியில் சிட்டை எழுத ஒரு பழைய புரோகிராம் இருக்கிறது. பைத்தான் 2.7-இல் எழுதியது. எழுதிக்கொடுத்த பையன் இப்போது ஊரில் இல்லை. கணினியை மாற்றி உபுண்டு 24.04 போட்டதிலிருந்து அது ஓட மாட்டேன் என்கிறது. கன்டெய்னருக்குள் போட்டுக் கட்டளை வரியிலிருந்தே ஓட்டலாம், உள்ளே போனது எதுவும் வெளியே வராது, வைரஸ் இருந்தால்கூடப் பயமில்லை என்கிறார்கள். நம்பலாமா?

2024 ஆகஸ்ட் 6, இரவு

முதல் பாதியை நம்பலாம். இரண்டாம் பாதியை அப்படியே நம்ப வேண்டாம்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு நான் கணினி வேலை பார்க்கிறேன். அங்கேயும் பைத்தான் 2.7-தான், எழுதியவர் போய்விட்ட புரோகிராம்தான். 2020 ஜனவரி 1-உடன் அந்தப் பைத்தானுக்கு ஆதரவு நின்றுவிட்டது. உபுண்டு 24.04-இல் புரோகிராம்களை இறக்கி நிறுவும் அப்ட் கட்டளையில் அதைத் தேடினால் கிடைக்காது. எங்கிருந்தோ இறக்கி கணினி முழுக்கப் பரப்புவதைவிட, அந்தப் பைத்தானையும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் ஒரே இமேஜாக, அதாவது எல்லாம் சேர்த்துக் கட்டிய ஒரு பொதியாக எடுத்துத் தனியாக ஓட்டுவது எவ்வளவோ சுத்தம்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். முதலில் கன்டெய்னர்களை ஓட்டும் பாட்மேன் என்ற புரோகிராமை அப்டில் நிறுவுங்கள். பிறகு:

பாட்மேன் ரன் --ஆர்எம் -ஐடி -வி /ஹோம்/மண்டி/சிட்டை:/டேட்டா டாக்கர்.ஐஓ/லைப்ரரி/பைத்தான்:2.7-ஸ்லிம் பைத்தான் /டேட்டா/சிட்டை.பிஒய்

ரன் என்றால் இமேஜிலிருந்து ஒரு கன்டெய்னரை உண்டாக்கி ஓட்டு. ஆர்எம் என்றால் முடிந்ததும் அழித்துவிடு. ஐடி என்பது விசைப்பலகையும் திரையும் உள்ளே போவதற்கு. வி என்பதுதான் முக்கியம்: வெளியே இருக்கும் சிட்டை ஃபோல்டர், உள்ளே டேட்டா என்ற பெயரில் தெரியும். மவுஸே வேண்டாம்.

இனி அந்த இரண்டாம் பாதி. மதுரையில் கன்டெய்னர் என்றால் ரிங் ரோட்டில் தூத்துக்குடி பக்கம் போகும் லாரிதான் எல்லோருக்கும் நினைவு வரும். இரும்புப் பெட்டி, சீல், பூட்டு. இந்தக் கன்டெய்னர் அப்படி இல்லை. நம் ஊர் வளவு மாதிரி. வரிசையாக வீடுகள், ஆளுக்கொரு கதவு, ஆனால் கிணறு ஒன்றுதான். அந்தக் கிணறு லினக்ஸ் கெர்னல், இயங்குதளத்தின் நடுப்பகுதி. உள்ளே ஓடும் புரோகிராமும் வெளியே ஓடும் புரோகிராமும் ஒரே கெர்னலில்தான் தண்ணீர் இறைக்கின்றன. விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் தனிக் கெர்னலோடு ஓடும் இன்னொரு கணினி என்றால்தான் தனிக் கிணறு வெட்டிய தனி வீடு.

2024 ஆகஸ்ட் 7

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஆர்எம் போட்டால் எல்லாம் அழியும் என்பதுபோல் எழுதிவிட்டேன். அழிவது கன்டெய்னரும் அதற்குள் எழுதியவையும் மட்டும். இமேஜ் வட்டில் அப்படியே இருக்கும். பாட்மேன் தன் பொறுப்பில் வைத்திருக்கும் சேமிப்பிடமான வால்யூம், பெயர் கொடுத்ததாக இருந்தால் இருக்கும். வி வழியாக உள்ளே கொடுத்த ஃபோல்டரில் எழுதியதும் இருக்கும், அழித்ததும் அழிந்ததுதான். புரோகிராம் அந்த ஃபோல்டரைக் காலி செய்தால் கன்டெய்னர் காப்பாற்றாது.

2024 ஆகஸ்ட் 9

வாசகர் முயன்றுவிட்டு எழுதியிருந்தார்: ஃபோல்டர் ஃபோல்டராகக் கொடுப்பது சிரமமாக இருந்ததால் /ஹோம்/மண்டி முழுவதையும் உள்ளே கொடுத்துவிட்டாராம். ஓடுகிறதாம்.

தம்பி, அதை இன்றைக்கே மாற்றுங்கள். அந்த வீட்டுக்குள் பிரவுசர் சேமித்த கடவுச்சொல் இருக்கும், பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கும், வேறு கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவி இருக்கும். கதவைப் பூட்டிவிட்டுச் சாவிக்கொத்தை உள்ளே இருப்பவர் கையில் கொடுத்த மாதிரி. சிட்டை ஃபோல்டர் ஒன்று போதும். புரோகிராம் கோப்பை வேறு ஃபோல்டரில் வைத்து, அதைக் கொடுக்கும்போது கடைசியில் :ஆர்ஓ சேர்த்தால் படிக்க மட்டும் முடியும். தன்னைத்தானே திருத்திக்கொள்ள அதற்கு வழி இருக்காது.

கன்டெய்னர் ஓட்ட எல்லோரும் சொல்லும் டாக்கரை விட்டுவிட்டு ஏன் பாட்மேன் என்றேன் என்றும் கேட்டிருந்தார். டாக்கர் கெட்டது என்று சொல்லவில்லை, 2013-இல் அது வந்த பிறகுதான் இந்த வேலை எல்லோர் கைக்கும் எட்டியது. நானும் முதலில் அதில்தான் ஆரம்பித்தேன். ஆனால் வழக்கமாக நிறுவினால் பின்னணியில் ஓடும் அதன் டீமன், எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக ஓடும். ஒவ்வொரு முறையும் ரூட் உரிமை கேட்கும் சூடோவைப் போடாமல் ஓட்ட வேண்டும் என்று கடைப் பயனரை டாக்கர் குழுவில் சேர்த்தேன். அந்தக் குழுவில் இருப்பவர் கணினியின் மூல ஃபோல்டர் முழுவதையும் ஒரு கன்டெய்னருக்குள் கொடுத்து, உள்ளே ரூட்டாக உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் மாற்றலாம். அதாவது கல்லாவில் உட்காரும் பையனுக்கு ரூட் கடவுச்சொல்லைக் கொடுத்ததும் குழுவில் சேர்த்ததும் ஒன்றுதான். இது எனக்கு உறைக்க ஆறு மாதம் ஆனது.

இன்னொன்றும் நடந்தது. டாக்கருக்குள் புரோகிராம் ரூட்டாக ஓடியதால், அது எழுதிய சிட்டைக் கோப்புகள் எல்லாம் வெளியே ரூட் பெயரில் நின்றன. கணக்கப்பிள்ளை ஒரு எடையைத் திருத்தப் போனால் அனுமதி இல்லை என்கிறது. பாட்மேனை சாதாரணப் பயனராக ஓட்டினால் உள்ளே ரூட் என்று தெரிவது, வெளியே அந்தப் பயனர்தான். கோப்புகள் நம் பெயரிலேயே விழும். உள்ளே இருப்பது எப்படியோ வெளியே வந்தாலும் அந்தப் பயனரின் கைக்கு எட்டியதை மட்டுமே தொடும். அதனால்தான் கடை வேலைக்கென்று தனிப் பயனர் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் ஹோமில் வேறு எதுவும் கிடையாது.

2024 ஆகஸ்ட் 18

ஆவணி பிறந்துவிட்டது. முகூர்த்த நாள் வரிசையாக வருகிறது, இனி மார்க்கெட்டில் நிற்க இடம் இருக்காது. போன வருடம் இதே சமயத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும், நெல் மண்டிக்கும் அது உதவும்.

உசிலம்பட்டி, நிலக்கோட்டை பக்கமிருந்து மல்லி எங்கள் கடைக்கு நாலு மணிக்கே வந்து இறங்க ஆரம்பித்துவிடும். எடை, விலை, விவசாயி பெயர், கமிஷன் எல்லாம் அப்போதே ஏறும். கன்டெய்னருக்கு மாற்றிய நாலாம் நாள் கணக்கப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, விடியுறதுக்கு முந்தி வந்த பூவெல்லாம் நேத்துக் கணக்குல நிக்குது. அஞ்சரைக்கு மேல வந்தது மட்டும் இன்னைக்குத் தேதியில இருக்கு. என்னப்பா இது?"

அவர் சொன்ன அந்த அஞ்சரைதான் எனக்கு விடையைக் காட்டியது. கன்டெய்னருக்குள் நேரம் யுடிசி, உலகப் பொது நேரம். நமக்குக் காலை 5.30 ஆகும்போதுதான் அங்கே நள்ளிரவு 12. நாலு மணிக்கு இறங்கிய பூவுக்கு உள்ளே முந்தைய நாள் இரவு 10.30 என்று கணக்கு. பகலில் வேலை பார்க்கும் கடையாக இருந்திருந்தால் தேதி தவறவே தவறாது, மணி மட்டும் தப்பாக இருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

மல்லிக்கு நாள் மாறினால் விலை மாறும். சாதாரண நாள் விலையும் முகூர்த்த நாள் விலையும் மடங்குக் கணக்கில் வித்தியாசப்படும். நேற்றைய தேதியில் ஏறிய பூவுக்கு நேற்றைய விலை போட்டு, மூன்று விவசாயிகளுக்குக் குறைவாகப் பணம் போயிருந்தது. முதலாளி அன்றைக்கே அவர்களைக் கூப்பிட்டு மிச்சத்தைக் கொடுத்துவிட்டார். ஆனால் இரவெல்லாம் செடியில் நின்று பறித்தவர்களுக்குப் பணம் குறைந்தது என் வேலையால்தான். பகலில் நாலு முறை ஓட்டிப் பார்த்துச் சரி என்று நினைத்திருந்தேன், விடிகாலையில் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை.

சரிசெய்தது ஒரு சொல்லில்: பாட்மேன் ரன்னில் --டிஇசட்=லோக்கல் சேர்த்தால் வெளியே இருக்கும் நேரமே உள்ளேயும் வரும்.

2024 ஆகஸ்ட் 19

நேரம் பற்றி இன்னும் கொஞ்சம். டாக்கரில் இருப்பவர்கள் டிஇசட் என்ற மாறிக்கு ஆசியா/கொல்கத்தா என்று கொடுப்பார்கள். இமேஜுக்குள் ஊர்வாரி நேரக் கணக்கு வைத்திருக்கும் டிஇசட்டேட்டா இல்லாவிட்டால் அது வேலை செய்யாது, பிழை என்றும் சொல்லாது. உபுண்டு இமேஜில் டேட் என்று தட்டிப் பாருங்கள்: ஐஎஸ்டி வர வேண்டிய இடத்தில் ஆசியா என்று மட்டும் வரும், மணி யுடிசியாகவே இருக்கும். பார்ப்பவருக்கு ஆசியா என்றதும் சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். மணியைக் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பாருங்கள்.

2024 ஆகஸ்ட் 25

வாசகர் தராசு பற்றிக் கேட்டிருந்தார். நெல் மண்டியில் மின்னணுத் தராசு யுஎஸ்பி வழியாக எடையை நேரே கணினிக்கு அனுப்புகிறது, கன்டெய்னருக்குள் தராசு தெரியவில்லை, தேடியதில் --பிரிவிலேஜ்ட் போடச் சொல்லியிருக்கிறது, போட்டதும் வந்துவிட்டது என்கிறார்.

வரும். டாக்கரில் அதைப் போட்டால் கணினியில் உள்ள எல்லாச் சாதனங்களும் உள்ளே வரும், வட்டும் சேர்ந்து வரும், மற்ற பூட்டுகளும் பெரும்பாலும் திறந்துவிடும். ஒரு தராசுக்காக வளவின் எல்லாக் கதவையும் கழற்றி வைப்பது அது. பாட்மேனில் சாதாரணப் பயனராக ஓட்டினால் அந்தப் பயனருக்கு உள்ள உரிமைக்கு மேல் போகாது, என்றாலும் வேண்டாம்.

தராசை மட்டும் கொடுக்கலாம்: --டிவைஸ் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0. கடைப் பயனர், இந்த மாதிரிச் சாதனங்களைத் தொட உரிமையுள்ள டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும். அந்தக் குழு உரிமை உள்ளேயும் போக --குரூப்-ஆட் கீப்-குரூப்ஸ் சேர்க்க வேண்டும், இதற்குப் பாட்மேனுக்கு அடியில் கன்டெய்னரைத் தொடங்கிவைக்கும் புரோகிராம் சிரனாக இருக்க வேண்டும். இந்த ஒன்று தெரியாமல் நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஃபோல்டர் அனுமதி எல்லாம் சரி, குழு சரி, ஆனாலும் உள்ளே அனுமதி மறுப்பு என்றே வந்தது.

மின்சாரம் போய் வந்தால் தராசு சில சமயம் 0-க்குப் பதில் 1 என்று பெயர் மாற்றிக்கொண்டு வரும். எங்கள் கடையில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்த மறுநாளெல்லாம் இதே தகராறுதான். /டெவ்/சீரியல்/பை-ஐடி என்ற ஃபோல்டரில் தராசின் மாறாத பெயர் இருக்கும். கன்டெய்னரைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் ரீட்லிங்க் -எஃப் வைத்து அந்தப் பெயருக்கு இன்றைய எண் என்ன என்று கண்டுபிடித்து அதை டிவைஸில் கொடுக்கிறேன். ஓடும்போது கேபிளைப் பிடுங்கிச் செருகினால் கன்டெய்னரை நிறுத்தித் திரும்பத் தொடங்கியாக வேண்டும். கல்லாவில் ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

2024 செப்டம்பர் 8

விநாயகர் சதுர்த்தி அலைச்சல் நேற்றோடு முடிந்தது. இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. வைரஸ் இருந்தால்கூடப் பயமில்லை என்ற பேச்சை விட்ட இடத்திலிருந்து எடுக்கிறேன்.

வாசகர் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று. ஸ்லிம் இமேஜில் பிங், கர்ல் எல்லாம் இருக்காது, ஆனால் பைத்தான் இருக்கிறதே. கன்டெய்னருக்குள் பைத்தானைத் திறந்து, வலைப்பக்கங்களைக் கேட்டு வாங்கும் அதன் யுஆர்எல்லிப்2 லைப்ரரி கொண்டு உங்கள் மோடத்தின் முகவரியைக் கேளுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1. மோடத்தின் லாகின் பக்கம் அப்படியே வந்து நிற்கும். எனக்கு வந்தது. சிட்டை எழுதும் புரோகிராமுக்கு மோடத்தோடு என்ன பேச்சு? அதே வழியில் பக்கத்துக் கணினி, கேமரா பெட்டி, இணையம் எல்லாம் திறந்து கிடக்கின்றன. தனியாக எதுவும் சொல்லாவிட்டால் நெட்வொர்க் உண்டு என்பதுதான் வழக்கம்.

--நெட்வொர்க்=நன் போட்டுத் திரும்ப அதே சோதனையைச் செய்யுங்கள். நெட்வொர்க் எட்டவில்லை என்று உடனே சொல்லும். நம் புரோகிராமுக்கு இணையமே தேவையில்லை, மூடிவிடலாம். முதல் நாள் நான் கொடுத்த கட்டளையில் இது இல்லை. அன்றைக்கே சேர்த்திருக்க வேண்டும்.

கன்டெய்னர் என்று கெர்னலில் ஒரே பொருள் கிடையாது. பல பூட்டுகள் சேர்ந்ததற்கு நாம் வைத்த பெயர் அது. கோப்பு அமைப்பைப் பிரிக்கும் மவுன்ட் நேம்ஸ்பேஸ் 2002-இல் வந்தது. நினைவகத்துக்கும் சிபியுவுக்கும் அளவு கட்டும் சிகுரூப் 2008-இல் கெர்னல் 2.6.24-உடன். பயனர் எண்ணைப் பிரிப்பது 2013-இல் 3.8-உடன். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு தேவைக்கு எழுதியது. அதனால்தான் ஒன்று பூட்டியும் ஒன்று திறந்தும் இருக்க முடிகிறது.

பூட்டுகள் எல்லாம் போட்டிருந்தாலும் பூட்டிலேயே குறை வந்ததுண்டு. டாக்கருக்கு அடியில் ஓடும் ரன்சியில் 2019 பிப்ரவரியில் ஒரு ஓட்டை வெளியானது: கெட்ட கன்டெய்னர் ஒன்று வெளியே இருக்கும் ரன்சி கோப்பையே மாற்றி எழுதி ரூட் ஆகிவிடலாம். 2024 ஜனவரி கடைசியில் இன்னொன்று, திறந்து விடப்பட்ட ஒரு கோப்புச் சுட்டி வழியாக வெளியே வரும் வழி. இரண்டுக்கும் உடனே திருத்தம் வந்தது. அப்டேட் போடாதவர்களுக்கு அது வந்தும் பயன் இல்லை. எனவே உள்ளே இருப்பது வைரஸ்தான் என்று தெரிந்தால் கன்டெய்னர் போதாது, தனிக் கிணறான விர்ச்சுவல் மெஷின் வேண்டும். பழையது, ஆனால் நம் ஆள் எழுதியது என்றால் கன்டெய்னர் போதும்.

2024 செப்டம்பர் 9

--ரீட்-ஒன்லி பற்றி ஒருவர் கேட்டதற்கு, போட்டால் எங்கும் எழுத முடியாது என்று சொல்லியிருந்தேன். தவறு. இமேஜின் பகுதிகளில்தான் எழுத முடியாது. வி வழியாகக் கொடுத்த ஃபோல்டரில் எழுதலாம், அதற்குத் தனியாக :ஆர்ஓ வேண்டும். பாட்மேனில் டெம்ப் ஃபோல்டரும் தானாக எழுதக்கூடியதாக வரும், டாக்கரில் வராது. இதே புரோகிராம் டாக்கரில் செத்துப் பாட்மேனில் ஓடியதற்குக் காரணம் இதுதான் என்று இன்று காலை உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது.

--கேப்-டிராப்=ஆல், --செக்யூரிட்டி-ஆப்ட்=நோ-நியூ-பிரிவிலேஜஸ் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். முதலாவது ரூட்டின் சிறப்பு உரிமைகளைப் பிடுங்கிவிடும், இரண்டாவது புதிதாக உரிமை பெற விடாது. நம் புரோகிராம் எதுவும் இழக்காது.

2024 அக்டோபர் 12

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மாட்டுத்தாவணியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் எங்கள் கடையில் 11 பதிவுகள் காணாமல் போயின.

கணக்கப்பிள்ளை எப்போதும் புரோகிராமின் மெனுவில் போய் முறையாக மூடிவிட்டுத்தான் எழுவார். அன்றைக்கு அவருக்கு நேரமில்லை, பையன் கணினியை அணைக்கும் ஸ்கிரிப்டை நேரே ஓட்டிவிட்டான். அதற்குள் பாட்மேன் ஸ்டாப் இருக்கிறது. ஸ்டாப் முதலில் நிறுத்திக்கொள் என்று சொல்லும் சிக்டெர்ம் என்ற சைகையை அனுப்பும், பத்து வினாடி பொறுக்கும், அப்புறம் கேட்காமலே கொல்லும் சிக்கில். கன்டெய்னருக்குள் நம் புரோகிராம்தான் முதல் பிராசஸ், எண் 1. எண் 1-க்கு ஒரு தனிச் சலுகை உண்டு: வெளியிலிருந்து வரும் சிக்கில் போன்ற ஒன்றிரண்டைத் தவிர, அது தானாக ஏற்பாடு செய்யாத சைகை எதுவும் அதைத் தொடாது. சிக்டெர்ம் காற்றில் போனது. பத்து வினாடி கழித்துத் தலையில் அடி விழுந்தது. இந்தப் புரோகிராம் 20 பதிவுக்கு ஒருமுறைதான் கோப்பில் எழுதும், மற்றதை நினைவகத்தில் வைத்திருக்கும். அது போய்விட்டது. துண்டுச்சீட்டுகளை வைத்து நானும் கணக்கப்பிள்ளையும் இரவு ஒன்பது வரை திரும்ப ஏற்றினோம்.

பத்து வினாடிக்குள் நிறுத்த முடியாமல் சிக்கில் அனுப்பியதாகப் பாட்மேன் ஒரு வரி எழுதியிருந்தது. ஸ்டாப் தட்டினால் பத்து வினாடி இழுக்கிறதென்றால் உங்கள் மண்டியிலும் இதே நிலைதான். --இனிட் சேர்த்தால் எண் 1-இல் ஒரு சின்ன புரோகிராம் உட்கார்ந்து சைகைகளை நம்முடையதற்குக் கடத்திவிடும்.

2024 அக்டோபர் 13

தூங்கி எழுந்து யோசித்தால், நேற்று எழுதியது பாதி வைத்தியம். --இனிட் போட்டால் சிக்டெர்ம் புரோகிராமுக்குப் போய்ச் சேரும், அது உடனே சாகும். உடனே செத்தாலும் பத்து வினாடி கழித்துச் செத்தாலும் நினைவகத்தில் இருந்த பதிவுகள் போனவைதான். புரோகிராமைத் திறந்து, சிக்டெர்ம் வந்தால் கையில் இருப்பதைக் கோப்பில் எழுதிவிட்டு வெளியேறு என்று சொல்ல வேண்டும். பைத்தான் 2.7-இலும் சிக்னல் மாட்யூல் இருக்கிறது, ஏழெட்டு வரி. கூடவே 20-ஐ 1 ஆக்கிவிட்டேன். ஒவ்வொரு பதிவும் உடனே கோப்பில், கூடவே ஃப்ளஷும் ஓஎஸ்.எஃப்சிங்க்கும் போட்டு வட்டிலேயே இறக்கிவிட வேண்டும். பூ மண்டியின் வேகத்துக்கு அது ஒன்றும் பாரமில்லை. அப்படிச் செய்தால் மின்சாரம் போனாலும் கடைசிப் பதிவு நிற்கும். மின்சாரம் போகும்போது புரோகிராமுக்கு எந்தச் சைகையும் வராது என்பதால் இதுதான் மெய்யான மருந்து.

2024 நவம்பர் 3

தீபாவளி முடிந்து வாசகர் எழுதியிருக்கிறார். சிட்டை ஃபோல்டர் மட்டும் உள்ளே, புரோகிராம் படிக்க மட்டும், தராசு ஒன்று மட்டும், நெட்வொர்க் இல்லை, நேரம் சரி. மோடம் சோதனையையும் செய்து பார்த்திருக்கிறார், எட்டவில்லை. ஒரே சிக்கல்: நெட்வொர்க்கை மூடியதும் பிரின்டரும் போய்விட்டது, பில் வரவில்லை, திறந்துவிடலாமா என்கிறார்.

திறக்க வேண்டாம். எங்கள் கடையில் இப்படிச் செய்திருக்கிறேன். சிட்டை ஃபோல்டருக்குள் பில் என்று ஒரு ஃபோல்டர். புரோகிராம் பில்லை அங்கே வெறும் எழுத்துக் கோப்பாக எழுதும், முதலில் .டெம்ப் என்ற பெயரில், எழுதி முடித்த பிறகு .டிஎக்ஸ்டி என்று பெயர் மாற்றும். வெளியே, லினக்ஸில் பின்னணி வேலைகளை நடத்தும் சிஸ்டம்டியில், கோப்பு வரவைக் கவனிக்கும் ஒரு பாத் யூனிட், பாத்எக்சிஸ்ட்ஸ்குளோப் வைத்து .டிஎக்ஸ்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். வந்ததும் எல்பி கட்டளையால் பிரின்டருக்கு அனுப்பிவிட்டு, கோப்பைப் பழைய பில் ஃபோல்டருக்கு நகர்த்தும். பெயர் மாற்றும் வேலையை விட்டுவிடாதீர்கள், விட்டால் பாதி எழுதிய பில் அச்சாகும், எனக்கு இரண்டு முறை ஆனது.

அச்சடிப்பது வெளியே, எழுதுவது உள்ளே. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஃபோல்டர்தான். எங்கள் டாட் மேட்ரிக்ஸ் இன்று காலை நாலேகாலுக்கு முதல் பில்லை அடித்தது. தேதியைப் பார்த்தேன், இன்றைய தேதிதான்.